ஓவர்டைமில் ஒரு மெத்தை விளம்பரம்

உலகத்தில் நேரத்தை ஓடவிட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் பிடித்து நிறுத்தும் அதிகாரம் தாம்பரத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் கலெக்டர் இல்லை, ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை. எங்கள் கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர்.

கோடு போடுகிறவருக்குக் கல்லூரிகளில் 'மார்க்கர்' என்று பதவிப் பெயர். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் போய்ப் பார்த்ததில்லை. பிரின்சிபால் முதல் கேண்டீன் பூனை வரை எல்லோருக்கும் அவர் மார்க்கர். எங்களுக்கு மார்க்கர் அண்ணா. அவர் மனைவியே ஒருமுறை உடற்கல்வித் துறைக்குப் போன் செய்து, "மார்க்கர் கீறாரா?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆள் ஒல்லி. முழங்கால் வரை சுண்ணாம்பு. கழுத்தில் ஷூ லேஸில் கட்டிய ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு விசில். இடுப்பில், பனியனுக்கும் பேன்ட்டுக்கும் நடுவில், ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் புத்தகம். கூடைப்பந்தின் சர்வதேச விதிகள், முழுக்க ஆங்கிலத்தில். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அதை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து, ஆங்கிலப் பேராசிரியர்களை மரத்தடியில் மடக்கி அர்த்தம் கேட்டு, கரைத்துக் குடித்திருந்தார். "இந்தாள் கேக்கிற கேள்விய என் பிஹெச்.டி. வைவாவில் கூட யாரும் கேக்கலம்மா" என்று ஒரு பேராசிரியர் அந்த மரத்தடியைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வகுப்புக்குப் போவார்.

எனவே ஆட்டம் என்றால் மேஜையில் நேரம் பார்ப்பவர் மார்க்கர்தான். ஓர் அணி டைம்-அவுட் கேட்டால் ஒரு நிமிடம் இடைவேளை. ஐம்பதாவது செகண்டில் ஒரு எச்சரிக்கை மணி, அறுபதில் இன்னொன்று. இது அவர் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. அவரோடு டீ குடிக்கப் போனால் கிளாஸ் கைக்கு வந்த ஐம்பதாவது செகண்டில் பெஞ்சைத் தட்டுவார். "பத்து செகண்ட்." அப்புறம் நாக்கு வெந்தாலும் குடித்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டிலும் இதே கூத்துதான் என்று அவர் மனைவி எங்களிடம் முறையிட்டிருக்கிறார். "சண்ட போட்டுகினு இருக்கும்போதே விசில் ஊதிட்டு வெளிய பூடுவாரும்மா. கரெக்டா ஒரு நிமிசம் கழிச்சு வந்து நின்னு, 'ம், நீ இன்னா சொல்லிகினு இருந்த?'ன்னு கேப்பாரு. அதுக்குள்ள எனக்கு மறந்து பூடும்."

ஒருநாள் கேம்ப் ரோடு நிறுத்தத்தில் எங்கள் பஸ்ஸை ஒரு ஷேர் ஆட்டோ உரசிவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய் ஆட்டோக்காரரோடு கட்டிப் புரளாத குறை. பஸ்ஸுக்குள் நின்றிருந்த மார்க்கருக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டைம்-அவுட் சைகை காட்டி, 'பீப் பீப்' என்று விசில் ஊதினார். டிரைவருக்கு அது புறப்படும் விசில். எடுத்துவிட்டார் வண்டியை. கண்டக்டர் அந்த நிறுத்தத்திலேயே நின்றுபோனார். அப்புறம் சண்டை போட்ட அதே ஷேர் ஆட்டோவில் ஏறித் துரத்திக்கொண்டு வந்து, சேலையூரில் எங்களைப் பிடித்தார். இறங்கும்போது இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பாத்தியா? டைம்-அவுட்டு குடுத்தா எல்லாம் சரியாப் பூடும்" என்றார் மார்க்கர். கண்டக்டர் அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோதுதான் எங்கள் கல்லூரியில் முதல்முறையாகப் பெண்கள் அணிகளுக்கென்று ஒரு கூடைப்பந்துப் போட்டி நடந்தது. ஆண்களுக்கு அது வருஷா வருஷம் திருவிழா மாதிரி நடந்துகொண்டிருந்தது. பெண்களுக்கும் வைக்கச் சொல்லி உடற்கல்வி இயக்குநரான பி.டி. சார் பின்னாலேயே மூன்று வருஷம் அலைந்தவர் மார்க்கர். "ஏன் சார், நான் போட்ட கோடு ஆம்பளப் பசங்க கண்ணுக்குத்தான் தெரியுமா?" என்று கேட்டுக் கேட்டு, தொல்லை தாங்காமல் பி.டி. சார் ஒரு ஸ்பான்சரைப் பிடித்து வந்தார்.

ஸ்பான்சர், சேலையூர்ப் பக்கம் மெத்தைக் கடை வைத்திருந்தவர். தாத்தா நெல் போட்ட நிலத்தில் பேரன் மூன்று மாடிக்கு மெத்தை அடுக்கியிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நிபந்தனைகள் இருந்தன. ஆட்டங்களை ஆன்லைனில் நேரலையாகக் காட்ட வேண்டும். நடுநடுவே கடை விளம்பரம் ஓட வேண்டும். எங்கள் அணி தூய வெள்ளை உடை போட வேண்டும், மெத்தை என்றால் சுத்தமாம், சுத்தம் என்றால் வெள்ளையாம். உடையின் முதுகில் கடைப் பெயர் இருக்கும். ஃபவுலுக்காகத் தடையில்லாமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோவுக்கு யாராவது நின்றால் கேமரா அவள் முதுகைத்தான் கிட்டத்தில் காட்ட வேண்டும். எங்கள் பழைய மெரூன் உடைகள் கோணிப்பையில் கட்டப்பட்டு ஸ்டோர் ரூமுக்குப் போயின.

இதையெல்லாம் பேசி முடிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். அணியின் சார்பில் கேப்டன் ஸ்டெல்லாவும் நானும் இருந்தோம்.

"ரொம்ப சிம்பிள் சார்" என்றார் மெத்தைக்காரர். "நான் எப்ப கை காட்றனோ அப்ப ஆட்டத்த நிறுத்திட்டு நம்ம விளம்பரத்தப் போட்டுடுங்க."

பி.டி. சார் தலையாட்டிக்கொண்டிருந்தார். மூலையில் நின்றிருந்த மார்க்கர் இடுப்பிலிருந்து புத்தகத்தை உருவினார்.

"சார், மீடியா டைம்-அவுட்டுனு ஒண்ணு கீது. ஆனா நீங்க கை காட்டுனா வராது. பந்து சாவணும்."

மெத்தைக்காரர் மிரண்டுபோனார். "இன்னா சாவணும்?"

"பந்து சார். வெளிய போச்சுன்னாலோ, ஃபவுலுக்கு விசில் ஊதுனாலோ, பந்து செத்துப்போச்சுன்னு அர்த்தம். கடிகாரமும் நிக்கணும். அப்பதான் குடுக்கலாம். உங்க மெத்தைக்காக நான் உயிரோட கீற பந்த கொல்ல முடியாது."

பிறகு விதியைப் பாராமல் ஒப்பித்தார். ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி. ஒரு பகுதிக்கு ஒரு விளம்பர இடைவேளை. முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது அணி டைம்-அவுட் கேட்டால், அதையே தொண்ணூறு செகண்டுக்கு நீட்டி விளம்பரம் போட்டுக்கொள்ளலாம். யாரும் கேட்காவிட்டால், அதற்குப் பிறகு பந்து முதல்முறை செத்ததும் மீடியா டைம்-அவுட். அது எந்த அணியின் கணக்கிலும் சேராது.

"சரி, ஆட்டம் டை ஆயி ஓவர்டைம் போச்சுன்னா? அப்பதான சார் எல்லாரும் பாப்பாங்க?" மெத்தைக்காரர் விவரமானவர்.

"ஓவர்டைம்ல மீடியா டைம்-அவுட் கிடையாது சார். அந்த ஆண்டவனே வந்து மெத்தை வித்தாலும் கிடையாது."

மீடியா டைம்-அவுட்டுக்கென்று ஒரு சைகை உண்டு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுசாக விரித்து, விரல்களை முஷ்டியாக மடக்க வேண்டும். முறைப்படி அதை நடுவர்தான் காட்ட வேண்டும். மார்க்கர் அதெல்லாம் விட்டுக்கொடுக்கிற ஆளா? மணியை அடித்துவிட்டு எழுந்து நின்று அவரும் விரிப்பார். பக்கத்தில் ஸ்கோர் எழுதிய வணிகவியல் பேராசிரியருக்கு முதல் இரண்டு ஆட்டத்தில் கண்ணாடி பறந்தது. மூன்றாவது ஆட்டத்திலிருந்து மணிச் சத்தம் கேட்டதுமே அவர் குனிந்துகொள்ளப் பழகினார். மேஜையின் அந்தப் பக்கம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மாணவிக்கும் அந்தச் சைகைதான் உத்தரவு. மார்க்கர் கை விரிந்தால் நேரலை போய் விளம்பரம் வரும். மெத்தைக்காரரின் மைத்துனர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து மெத்தையில் விழுந்து, "அம்மாடி!" என்று கண்ணை மூடுவார். அதற்குத் தொண்ணூறு செகண்ட் எடுத்துக்கொள்வார்.

மெத்தைக்காரர் மேஜைக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இப்ப போட்டுடலாமா?" "பந்து உயிரோட கீது சார்." "இப்ப?" "கீது சார்." ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற மாதிரியே நாலு நாளும் பேசிக்கொண்டார்கள்.

எங்களோடு மோதிய வெளியூர் அணியின் பயிற்சியாளர் ஒருவர் இதில் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தார். தன் அணியின் டைம்-அவுட்டைச் செலவழிக்காமல் ஓசியில் ஓய்வு வேண்டுமென்றால், ஐந்து நிமிடம் தாண்டியதும் பந்தை வெளியே வீசிவிட்டால் போதும். அவர் கண் ஜாடை காட்ட, ஒரு பெண் ஆர்வக்கோளாறில் வீசிய வீச்சில் பந்து மதில் சுவரைத் தாண்டி வேளச்சேரி ரோட்டில் போன குட்டி யானை வண்டியின் பின்பக்கம் விழுந்தது. வண்டி நிற்கவில்லை.

மெத்தைக்காரர் துள்ளி எழுந்தார். "செத்துதா?"

"செத்தாச்சு சார். பாடி மேடவாக்கம் போய்கினு கீது" என்று சொல்லிவிட்டு மார்க்கர் கைகளை விரித்தார்.

வேறு பந்தைத் தேடி, காற்றடித்து எடுத்துவர ஏழு நிமிடம் ஆனது. ஆனால் மார்க்கர் எண்பதாவது செகண்டில் எச்சரிக்கை மணி அடித்தார், தொண்ணூறில் அடுத்ததும் அடித்தார். பத்துப் பெண்கள் பந்தில்லாமல் மைதானத்துக்குள் வந்து நின்றோம். ரூல் ரூல்தான்.

இப்படிப்பட்ட மனிதர் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது இறுதி ஆட்டத்தைப் பற்றி.

எதிலும் கடைசி பெஞ்சான எங்கள் அணி எப்படியோ இறுதிக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை நான்கு மணி ஆட்டம். நேரலையில் அன்றைக்குத்தான் நல்ல கூட்டம். என் அப்பாவுக்கு மறைமலை நகர் கார் தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வராமல், கேண்டீனில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே போனில் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பொண்ணு, ஏழாம் நம்பர்" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாராம். சித்தி குடும்பம், பெரியப்பா குடும்பம், எதிர் வீட்டு அக்கா எல்லோரும் பார்த்தார்கள்.

நாற்பது நிமிடம் முடிந்தபோது ஆட்டம் சமன். ஓவர்டைம் ஐந்து நிமிடம். மெத்தைக்காரர் கிட்டத்தட்ட அழுதார். "மார்க்கர், இப்ப ஒரே ஒரு தடவ. ஊரே பாத்துட்டு இருக்குது. என் மச்சான ஒரே ஒரு தடவ விழவிடு."

"சார்" என்றார் மார்க்கர், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "ஓவர்டைம்ல கிடையாது. மறுக்கா கேக்காதீங்க, எனக்கு பேஜாராப் பூடும்."

எங்கள் பக்கம் நிலைமை சரியில்லை. ஐந்தைந்து ஃபவுல் வாங்கி மூன்று பேர் வெளியே போயிருந்தார்கள். ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கு. மிச்சம் சரியாக ஐந்து பேர். மாற்று ஆள் இருக்க வேண்டிய பெஞ்சில் தண்ணீர்க் கேன் இருந்தது. ஓவர்டைமுக்கு அணிக்கு ஒரே ஒரு டைம்-அவுட்தான், அதையும் முதல் நிமிடத்திலேயே பதறிப்போய் எடுத்துத் தொலைத்திருந்தோம்.

இருபது செகண்ட் மிச்சம். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். கூடைக்கு அடியில் என்னை இடித்துத் தள்ளினார்கள். விசில். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் ஆட்டம் மறுபடியும் சமன்.

எழுந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு மாதவிடாய் வந்திருந்தது. நான்கு நாள் முன்னதாக, சொல்லாமல் கொள்ளாமல், அந்தத் தூய வெள்ளை நிக்கரில்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு ஒன்று சொல்கிறேன். பத்தொன்பது வயதில், கேமரா உங்கள் முதுகைக் கிட்டத்தில் காட்டத் திரும்பிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கம் உங்கள் அப்பா பதினைந்து நண்பர்களோடு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்து நின்று பாருங்கள். வெளியே போனால் நாலு பேரோடு ஆட வேண்டும், ஃப்ரீ த்ரோவையும் வேறொருத்திதான் போட வேண்டும். உள்ளே நின்றால் ஊரே பார்க்கும். போதாததற்கு, விளையாடுகிறவருக்கு ரத்தம் வந்தால் உடனே வெளியேற்ற வேண்டும் என்று மார்க்கரின் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. அவரேதான் எங்களுக்கு அதை விரல் வைத்துப் படித்துக் காட்டியிருந்தார்.

நான் செய்தது ஒன்றுதான். கேமராவுக்கு முதுகைக் காட்டாமல் திரும்பினேன். திரும்பினால் என் முதுகு இருந்த பக்கம் மேஜை; தோளுக்கு மேலாகப் பார்த்தேன். மேஜையில் மார்க்கர்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடி இருக்கும். உடனே ஸ்டாப் வாட்சைப் பார்த்தார். அப்புறம் மணியை அடித்தார்.

எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் அகல விரித்து முஷ்டிகளை மடக்கினார். ஓவர்டைம்தானே என்று நம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்த வணிகவியல் பேராசிரியரின் கண்ணாடி பறந்து போய் மைதானத்தில் விழுந்தது. லேப்டாப் மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கை விரிந்தால் விளம்பரம் என்பது பழக்கமாகியிருந்தது. மறைமலை நகர் கேண்டீனில் நான் மறைந்து, மெத்தைக்காரரின் மைத்துனர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

நடுவர் ஓடி வந்தார். "என்ன மார்க்கர், யார் கேட்டது?"

"மீடியா டைம்-அவுட்டு சார்."

"ஓவர்டைம்ல ஏதுங்க மீடியா டைம்-அவுட்?"

மார்க்கர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு பாவனையை நான் பார்த்ததே இல்லை. "கிடையாதா சார்? மறந்துட்டேன் சார்."

சுண்ணாம்பு மூட்டைகூட அதை நம்பியிருக்காது.

"சரி, கேன்சல் பண்ணிட்டு ஆட்டத்தத் தொடங்குங்க" என்றார் நடுவர்.

"மணி அடிச்சாச்சே சார். விளம்பரமும் ஓடுது. பாதில நிறுத்துனா மெத்தை சார் மனசு சங்கடப்படும்." இப்படிப் பேசிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், சாவிக்கொத்தை மேஜைமேல் ஸ்டெல்லா நின்ற பக்கமாகத் தள்ளினார். குரலைத் தாழ்த்தி, "ஸ்டோர் ரூம்ல பழைய செட்டு கீது. கோணில. அந்தப் பாப்பாவ இட்டுகினு போ" என்றார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். நாலு பேரும் என்னைச் சுற்றி நின்று, ஏதோ தீவிரமாகத் திட்டம் போடுகிற மாதிரி கூட்டமாகவே நகர்ந்து ஸ்டோர் ரூமுக்குப் போனோம். அவள் பையில் வேண்டியது இருந்தது. கோணியை அவிழ்க்கும்போது நான் அவசரமாக இழுத்ததில் முடிச்சு இறுகிவிட்டது. ஸ்டெல்லா பல்லால் கடித்து அவிழ்த்தாள். வெளியே இருந்து, "இது அநியாயம்! மெத்தைக்கு வித்துட்டீங்களா ஆட்டத்த?" என்று எதிரணிப் பயிற்சியாளர் கத்துவது கேட்டது. எண்பதாவது செகண்ட் எச்சரிக்கை மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே உடை மாற்றினேன். மணி அடிக்கவில்லை. அந்தத் தொண்ணூறு செகண்ட் அன்று எவ்வளவு நேரம் ஓடியது என்று எனக்குத் தெரியாது. நாலு நிமிடம் என்று ஸ்டெல்லா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். மைத்துனர் மூன்று முறை மெத்தையில் விழுந்தார். மூன்றாவது தடவை மெத்தைக்காரர் ஆனந்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள்.

வெள்ளைச் சட்டையும் மெரூன் நிக்கருமாக நான் திரும்பி வந்ததும்தான் மணி அடித்தது. நடுவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நிக்கர் எல்லாருக்கும் ஒரே கலர்ல இருக்கணும்னு ரூல் இருக்கே, மார்க்கர்?"

மார்க்கர் புத்தகத்தைப் புரட்டினார். "அந்தப் பக்கம் ஜெராக்ஸ்ல சரியா விழல சார்."

நடுவருக்கு என்ன புரிந்ததோ, பந்தை எடுத்து என்னிடம் தந்தார். கேமரா என் முதுகைக் காட்டியது. முதல் பந்து விழுந்தது. இரண்டாவது வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. அதை எதிரணி பிடித்து, பொத்திப் பொத்தி வைத்தே இருபது செகண்டையும் கழித்துவிட்டது. ஒரு புள்ளியில் தோற்றோம். அன்று இரவு அப்பா வீட்டுக்கு வந்து, "நல்லா ஆடினம்மா. ஆனா கரெக்டா முக்கியமான நேரத்துல எவனோ மெத்தைல விழுறான், கேண்டீன்ல எல்லாரும் திட்டினாங்க" என்றார். அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் கட்டிப்பிடித்ததில்லை. தோற்ற துக்கம் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை விசாரணை. ஜெயித்த பயிற்சியாளரே புகார் எழுதிக் கொடுத்திருந்தார். பி.டி. சார் கேட்டார், "ஏன்யா, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட சொல்லுவியே, எப்பிடிய்யா மறந்த?" மார்க்கர், "வயசாவுதுல்ல சார்" என்றாராம். அவருக்கு அப்போது நாற்பத்தைந்துகூட இருக்காது. மேஜையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். இனிமேல் கோடு மட்டும் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு குட்டி யானை மைதானத்துக்குள் வந்து நின்றது. மேலே ஒரு மெத்தை, பெரிய சைஸ், ரிப்பன் கட்டியது. மெத்தைக்காரர் நன்றி மறக்காதவர். தன் முகத்துக்காகத்தான் மார்க்கர் ரூலை மீறினார் என்று அவர் மனதார நம்பியிருந்தார். கல்லூரி முழுக்க வராந்தாவில் நின்று அந்த மெத்தை இறங்குவதைப் பார்த்தது. அன்று மதியத்துக்குள் அவர் பெயர் 'மெத்தை மார்க்கர்' ஆகிவிட்டது.

அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஸ்டோர் ரூமைப் பாதியாக மறைத்து உள்ளே போட்டார். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தார். கோடு போடும் சுண்ணாம்பைக் குழைத்து, கதவின்மேல் 'பெண்கள் மட்டும்' என்று எழுதினார். அதுவரை நாங்கள் உடை மாற்ற ஒரு இடம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தோம், அது எந்த மேஜையில் தூங்கியதோ. முதலுதவிப் பெட்டி எப்போதும் அவர் பொறுப்பு. அதில் ஸ்பிரேவுக்கும் பஞ்சுக்கும் அடியில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம் அன்றிலிருந்து இருந்தது. அவர் அதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. ஆட்டத்துக்கு முன் ஸ்டெல்லாவிடம் மட்டும், எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பொட்டில ஸ்பேர் கீது" என்பார்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. விசாரணை அறைக்கு வெளியே போய் நின்றேன், திரும்பி வந்துவிட்டேன். அந்த வார்த்தையை அப்பாவிடமே சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் அதைப் பி.டி. சாரிடம் எப்படிச் சொல்வேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மனிதர் தன் பெயரை எடுத்து எனக்குத் திரையாகப் பிடித்தார், நான் அதன் பின்னாலேயே வசதியாக உட்கார்ந்துவிட்டேன். ஏழெட்டு வருஷமாக இது என் தொண்டையில் முள்ளாகக் கிடக்கிறது.

போன மாதம் கல்லூரிக்குப் போனேன். பெண்கள் போட்டி இப்போதும் நடக்கிறது, மெத்தைக்காரர்தான் இப்போதும் ஸ்பான்சர். மைத்துனருக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் விழுகிறார். மேஜையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். மார்க்கர் தள்ளிப்போய் சுண்ணாம்பு மூட்டைமேல் உட்கார்ந்து, இடுப்பில் அதே புத்தகத்தோடு, தனக்குத்தானே நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு செகண்டு லேட்டா அடிக்கிறான்" என்று என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாகச் சொன்னார்.

டீக்கடைக்குப் போனோம். "அண்ணா, அன்னிக்கு நடந்தத நான் பத்திரிகைல எழுதப்போறேன்" என்றேன்.

"உனக்கு சங்கடம் இல்லையா?"

"இல்ல அண்ணா. இப்ப இல்ல."

"அப்ப எழுது. மெத்தை வாங்குனான்னு சொன்னாங்க, போனா போவுது. ரூல மறந்துட்டான்னு சொன்னாங்க பாரு..." நிறுத்தினார். அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். "மறக்கலன்னு மட்டும் எழுதிடும்மா."

"ரத்தம் வந்தா வெளிய அனுப்பணும்னு ஒரு ரூல் இருக்கே அண்ணா, அது கூடவா ஞாபகம் வரல?"

"வந்துச்சு. அது காயத்துக்குப் போட்ட ரூல். நீ இன்னா காயம்பட்டா நின்னுகினு இருந்த?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் கேட்டதுனாலதான அண்ணா உங்களுக்கு இவ்ளோ கெட்ட பேரு" என்றேன்.

மார்க்கருக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

"நீ எங்க கேட்ட? நீ கேக்கல. நல்லா ஞாபகம் வச்சுக்கோ. கேட்டிருந்தா நான் குடுத்திருக்கவே மாட்டேன். ஓவர்டைம்ல மீடியா டைம்-அவுட் கிடையாது."

சரி அண்ணா, நான் கேட்கவில்லை. கேட்காமலே நீங்கள் கொடுத்தீர்கள். அதைத்தான் எழுதியிருக்கிறேன்.